யார் கொடுத்த தோட்டா

காலையில் கண் விழித்ததும் "இன்னிக்கு எத்தனை டிகிரி?" என்று கேட்டுவிடுகிறேன். என் தம்பி அந்தோணியின் மனைவி அடுப்படியிலிருந்து சிரிக்கிறாள். "மாமா, இது சுங்கைப் பட்டாணி. நேத்து எவ்வளவோ இன்னிக்கும் அவ்வளவுதான் லா." அவள் சொல்வது சரிதான். இந்தக் கெடா மண்ணில் முப்பது வயது தாண்டும்வரை இருந்தவன் நான். ஒரு நாள்கூட டிகிரி பார்த்துச் சட்டை போட்டதில்லை. ஜெராய் மலையின் தலையில் மேகம் இறங்கியிருக்கிறதா இல்லையா, எங்கள் வானிலை அறிக்கை அவ்வளவுதான். ஆஸ்திரேலியாவில் ஸ்டான்தோர்ப் என்ற ஆப்பிள் ஊருக்குக் குடிபோன முதல் குளிர்காலத்தில், காடியின், அதாவது காரின், முன்கண்ணாடியில் படிந்திருந்த உறைபனியைப் பார்த்து யாரோ மாவைக் கொட்டிவிட்டார்கள் என்று நினைத்தேன். இப்போது தம்பி மகள் கல்யாணத்துக்காக மூன்று வாரம் இங்கே வந்திருக்கிறேன். உடம்பு இங்கே வேர்த்துக் கொட்டுகிறது. வாய் மட்டும் அங்கேயே நின்றுகொண்டு டிகிரி கேட்கிறது.

பிள்ளைகளே, இதை உங்கள் இருவருக்காகத்தான் எழுதுகிறேன். எங்களைப் போல ஊர் மாறிப் போனவர்களும், போகாமல் இங்கேயே இருப்பவர்களும் படித்தால் படிக்கட்டும். நான் மூன்றாம் படிவத்தோடு நின்றவன். எழுத்தில் பிழை இருந்தால் மரியா திருத்திக்கொள்ளலாம். ஜெரோம், உனக்குத் தமிழ் படிக்க நேரமாகும். ஆனாலும் நீயேதான் படிக்க வேண்டும், தங்கச்சியைப் படிக்கச் சொல்லிக் கேட்காதே.

போன வாரம் நீ போனில் சொன்னதிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. "அப்பா, குலா அங்கிள்கூட வடக்கே பன்னி சுடப் போறேன். தோட்டாகூட அவரே செஞ்சு வச்சிட்டாரு. என் ரைபிளை மட்டும் எடுத்துட்டு வந்தா போதுமாம்." போனை மறு காதுக்கு மாற்றினேன். "அப்பா, லைன் இருக்கா?" என்றாய். அந்தத் தோட்டாவைப் போடாதே என்றேன். நீ சிரித்தாய். "நீங்க இதைத்தான் சொல்வீங்கன்னு அங்கிள் சொன்னாரு. நீங்கதானே அன்னிக்கு தோட்டாவைக் கருவாடு மாதிரி வெயில்ல காயப் போட்டு கண்ணைக் கெடுத்துக்கிட்டீங்க?" மூன்று வருஷமாக என் வீட்டில், என் பிள்ளைகளே நம்பிக்கொண்டிருந்த கதை அது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

குலா அண்ணன் யார் என்று உங்களுக்குத் தெரியும், ஆனால் முழுதாகத் தெரியாது. பீடோங் பக்கத்தில் நான் பிறந்த எஸ்டேட்டில் அவருடைய அப்பாதான் கிராணி. ஆபீசில் உட்கார்ந்து பெயர் பதிகிறவர், சம்பளம் போடுகிறவர். சிலோன்காரர்கள், சர்ச்சுக்குப் போகிறவர்கள், வீட்டில் இங்கிலீஷ் பேசுகிறவர்கள். நாங்களும் வேதக்காரர்கள்தான், ஆனால் லயத்து வேதக்காரர்கள், கூலிகளின் வரிசை வீடுகளில் இருந்தவர்கள். அவர்கள் கோயில் வேறு, எங்கள் கோயில் வேறு. குலா அண்ணன் டவுனில் படித்தார், பிறகு வெளிநாடு போய்விட்டார். பல வருஷம் கழித்து ஸ்டான்தோர்ப்பில் ஆப்பிள் பேக்கிங் ஷெட்டில் நான் பெட்டி தூக்கிக்கொண்டிருந்தபோது, கணக்கு ஆபீசிலிருந்து ஒருவர் இறங்கி வந்து, "தம்பி, நீ எந்த எஸ்டேட்?" என்று தமிழில் கேட்டார். என் அப்பா பெயரைச் சொன்னதும் கட்டிப் பிடித்துக்கொண்டார். கிராணியார் மகன் லயத்துப் பையனைக் கட்டிப் பிடித்தது இங்கே நடந்திருக்காது. அந்த நாட்டை எனக்குப் பிடித்துப் போனது அன்றைக்குத்தான். வீடு பார்த்துக் கொடுத்தார். உங்கள் அம்மாவுக்கு வேலை வாங்கிக் கொடுத்தார். வேட்டைக்கும் அவர்தான் கூட்டிப் போனார்.

வேட்டை எனக்குப் புதிதில்லை. எங்கள் எஸ்டேட்டில் ஞாயிறு பூசை முடிந்ததும் பன்றி வேட்டைதான். லைசென்ஸ் துப்பாக்கி இரண்டே இரண்டு. ஒன்று என் சித்தப்பாவிடம், இன்னொன்று கிராணியார் வீட்டில். ஒவ்வொரு லைசென்சுக்கும் இத்தனை தோட்டா என்று அளவு உண்டு, அதனால் தோட்டா என்பது பொன் மாதிரி. இவர் தோட்டா தீர்ந்தால் அவர் கொடுப்பார். சட்டப்படி சரியா என்று கேட்காதீர்கள். பன்றி விழுந்தால் கறி பங்கு போடும்போது சுட்டவருக்கு ஒரு பங்கு, நாய்க்காரருக்கு ஒரு பங்கு, தோட்டா கொடுத்தவருக்கு ஒரு பங்கு. அதற்குத் தோட்டாப் பங்கு என்றே பெயர். தோட்டா வெடிக்காமல் போனாலோ, புகைந்து பன்றி தப்பினாலோ, கொடுத்தவர் எல்லாருக்கும் முன்னால் "என் தோட்டா" என்று சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ள வேண்டும். அன்றைக்கு அவருக்குப் பங்கு இல்லை. சித்தப்பா ஒருமுறை தொடர்ந்து மூன்று ஞாயிறு அப்படி ஒதுங்கினார். "அண்ணே, உங்க தோட்டாவை தஞ்சோங் டாவாய் கடலோரத்துக்குக் கொண்டு போங்க, வலைக்குக் குண்டா கட்டலாம்," என்று கேலி பண்ணினார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரித்தார். கேலிக்குக் கேலி, மானத்துக்கு மானம். யார் தோட்டா என்ற கேள்விக்குப் பதில் வராமல் ஒரு பன்றியும் அறுக்கப்பட்டதில்லை.

எங்களுக்கு ஒரே எதிரி ஈரம்தான். மழைக்காலத்தில் தோட்டா பூத்துப் போகும். அதனால் வேட்டைக்கு முன்பு சாக்கு விரித்து வெயிலில் காயப் போடுவோம், மிளகாய் காயப் போடுவது போல. அதே பழக்கத்தில், ஸ்டான்தோர்ப்பில் முதல் வருஷம், பனி விழுந்த மறுநாள் நான் என் தோட்டாப் பெட்டியை ஷெட்டின் தகரத்து மேல் வைத்தேன். குலா அண்ணன் பதறி ஓடி வந்து எடுத்தார். "டேய் தம்பி, அது நம்ம ஊர் வேலை. இங்க சூடுதான் எமன்," என்றார். அன்றைக்கு வெடிமருந்தைப் பற்றி எனக்குச் சொல்லிக் கொடுத்தவரே அவர்தான். அதை மறந்துவிடாதீர்கள், அதில்தான் எல்லாம் இருக்கிறது.

அங்கே சுட்டுத் தீர்ந்த பித்தளைக் கூட்டை எறிய மாட்டார்கள். கராஜில் வைத்து, பின்னால் அடிபட்டதும் பொறி தரும் புதிய பொட்டைப் பொருத்தி, உள்ளே மருந்து அளந்து போட்டு, மேலே குண்டை அழுத்தி, மறுபடியும் தோட்டா ஆக்குவார்கள். எந்த மருந்து போடுகிறோம் என்பதுதான் முழு விஷயமும். மருந்துக்குக் குளிரும் வெயிலும் தெரியும். குளிரில் அது சோம்பல் படும், குண்டு மெதுவாகப் போகும், பன்றியின் நெஞ்சுக்குக் குறி வைத்தால் கால் முறியும். பாவம், அது காட்டுக்குள் போய் இரண்டு நாள் கிடந்து சாகும். வெயிலில் அதே மருந்து வெறி பிடித்தது போல எரியும், துப்பாக்கிக்குள் அழுத்தம் ஏறும், தோட்டாவை உள்ளே அடைத்து மூடும் போல்ட் சிக்கிக்கொள்ளும், அதற்கும் மேலே போனால் சுடுகிறவன் முகத்துக்கு வரும். காலையில் உறைபனியும் ஐந்நூறு மைல் தள்ளி நாற்பது டிகிரியும் இருக்கும் நாட்டில், ஒரு தோட்டா இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி நடந்துகொள்ள வேண்டும். கெடாவில் இப்படி ஒரு யோசனையே யாருக்கும் வராது.

அந்தக் குளிர்காலம் முழுவதும் நாங்கள் இருவரும் இரண்டு மருந்துகளைச் சோதித்தோம். ஒன்று, நறுக்கிய பென்சில் முனை மாதிரி குட்டிக் குட்டிக் குச்சி. மற்றது கடுகு மாதிரி உருண்டை. உருண்டை மருந்து அளவைக் கருவியில் தண்ணீர் போல ஓடும், வேலை சீக்கிரம் முடியும், குண்டும் வேகமாகப் போகும். குச்சி மருந்து கருவியில் சிக்கும், ஒவ்வொன்றாகத் தராசில் நிறுக்க வேண்டும். நாங்கள் சில தோட்டாவை ஐஸ் பெட்டியில் வைத்தோம், சிலவற்றை ஹீட்டர் அறையில் வைத்தோம், இரண்டையும் ஒரே அட்டையில் சுட்டோம். குச்சி மருந்துத் துளைகள் ஒன்றோடொன்று ஒட்டி விழுந்தன. உருண்டையின் துளைகள் மேலே ஒன்று, கீழே ஒன்று. சூடான உருண்டைத் தோட்டாவில் போல்ட்டைத் தூக்க உள்ளங்கையால் தட்ட வேண்டியிருந்தது. குலா அண்ணன் தானே தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "வடக்கே போறதுன்னா குச்சிதான் தம்பி. இதைக் கொண்டு போனா சாவு." அவர் வாயால் சொன்னது இது.

மூன்று வருஷத்துக்கு முன்பு, வெயில் காலத் தொடக்கத்தில், வடக்கே டெரி என்பவரின் மாட்டுப் பண்ணைக்குப் போனோம். பன்றிகள் தண்ணீர்த் தொட்டியை உடைக்கின்றன என்று கூப்பிட்டிருந்தார். அந்த மாதம் எனக்குத் தோட்டத்தில் வேலை அதிகம், கராஜ் பக்கம் போக முடியவில்லை. "நீ வேலையைப் பாரு, உனக்கும் சேர்த்து நானே நிரப்பிட்டேன்," என்றார் குலா அண்ணன். கடைகளில் குச்சி மருந்துக்குத் தட்டுப்பாடு என்று கேள்விப்பட்டிருந்தேன். "கிடைச்சுதா அண்ணே?" என்று கேட்டேன். "எல்லாம் இருக்கு," என்றார். என் பெட்டியை அவர்தான் லோரியில் வைத்தார், பின் சீட்டில், போர்வைக்கு அடியில். நான் அதைத் தொடவே இல்லை. வெயிலிலும் போடவில்லை. நாற்பது டிகிரியில் நிற்கும் வண்டிக்குள் தனியாக வெயில் வேண்டுமா என்ன?

இரண்டாவது பன்றிக்குச் சுட்டபோது முகத்தில் கொதிக்கிற மணலை வாரி இறைத்தது போல இருந்தது. போல்ட் நகரவில்லை. பொட்டு ஓட்டையாகி, அதன் வழியே புகை பின்னால் வந்திருக்கிறது. கண்ணாடி போட்டிருந்தேன், அதனால் கண் மிஞ்சியது. வலது கண் ஓரத்தில் இன்றைக்கும் ஒரு வெள்ளைத் திரை நிற்கிறது. டெரி ஓடி வந்து என் கண்ணில் தண்ணீர் ஊற்றினார். பிறகு குலா அண்ணனைப் பார்த்து, யார் நிரப்பிய தோட்டா என்று கேட்டார். எங்கள் எஸ்டேட் கேள்வி, இங்கிலீஷில். அந்தத் தோட்டாப் பங்குக் கறியைச் சின்ன வயதில் கிராணியார் வீட்டில் தின்று வளர்ந்த மனிதர், பதில் என்னவென்று தெரிந்தவர், சிரித்தார். இவன் தோட்டாவை எல்லாம் வெயிலில் காயப் போடுகிற ஆள், எங்கள் ஊரில் கருவாடு காய்வது போல, எஸ்டேட் பழக்கம், சொன்னால் கேட்க மாட்டான் என்று சொன்னார். அவ்வளவு நல்ல இங்கிலீஷில் சொன்னார். டெரி என் பக்கம் திரும்பி, நீ அவற்றைக் காயப் போட்டாயா என்று கேட்டார். பழக்கத்தைத்தான் கேட்கிறார் என்று நினைத்து, "யெஸ், யெஸ், மை பிளேஸ், ஆல்வேஸ்," என்றேன். எங்கள் ஊரில் அப்படித்தான் என்று சொல்ல வந்தேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு எழுந்து போய்விட்டார். இனி என் பண்ணைக்கு இந்த ஆளைக் கூட்டி வராதே என்று குலா அண்ணனிடம் சொல்லி அனுப்பினார்.

வீட்டுக்கு வந்து, கண்ணில் கட்டோடு உட்கார்ந்து, பெட்டியில் மிச்சமிருந்த தோட்டா ஒன்றின் குண்டைப் பிடுங்கி, தட்டில் கொட்டினேன். கடுகு உருண்டது. என் சட்டைப் பையில் இன்னும் நாலு தோட்டா இருந்தன. முதல் நாள் என் பெட்டி கைக்கு எட்டவில்லை என்று குலா அண்ணன் தன் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தவை. எங்கள் இருவர் ரைபிளும் ஒரே அளவு. அதில் ஒன்றையும் பிடுங்கினேன். குச்சி விழுந்தது. இருந்த கொஞ்ச நல்ல மருந்தைத் தனக்குப் போட்டுக்கொண்டு, எது சாவு என்று தானே சொன்னாரோ அதை எனக்குப் போட்டிருக்கிறார். உங்கள் அம்மா தட்டைப் பார்த்துவிட்டு, "கடுகும் சீரகமும் மாதிரி என்னங்க இது?" என்று கேட்டாள். நான் தட்டைத் துணியால் மூடினேன்.

கண் கட்டு அவிழ்த்த பிறகு அவர் வீட்டுக்குப் போனேன். தட்டில் இரண்டு மருந்தையும் பக்கத்துப் பக்கத்தில் கொண்டு போனேன். கதவைப் பாதி திறந்து நின்றார். "அண்ணே, ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும். என் தோட்டான்னு சொல்லுங்க," என்றேன். வேறு எதுவும் கேட்கவில்லை. அவர் தட்டைப் பார்த்தார். "கொஞ்சம் அளவு குறைச்சுத்தான் போட்டேன். தாங்கும்னு நெனச்சேன்," என்றார். பிறகு குரல் மாறியது. "இதையெல்லாம் தூக்கிட்டு வீட்டு வாசலுக்கு வருவியா? எஸ்டேட் பஞ்சாயத்தை இங்க கொண்டு வராத." கதவைச் சாத்திக்கொண்டார். எங்கள் ஊர் வேட்டையில் ஒரு விஷயம் நான் உங்களுக்கு இன்னும் சொல்லவில்லை. கிராணியார் தோட்டா புகைந்த நாட்களும் உண்டு. அந்த நாட்களில் யாரும் கேள்வி கேட்கவில்லை, அவரும் எதுவும் சொல்லவில்லை, சாயங்காலம் தொடைக்கறி வழக்கம்போல அவர் வீட்டுக்குப் போனது. சின்னப் பிள்ளையாக நானே இலையில் கட்டித் தூக்கிக்கொண்டு போயிருக்கிறேன். கடலைத் தாண்டியதும் அதெல்லாம் முடிந்துவிட்டது என்று நம்பினேன். எனக்குக் கண்ணைவிட அதுதான் வலிக்கிறது.

நான் அப்போதே உங்களிடம் சொல்லாததற்குக் காரணம், அந்த ஊரில் நமக்கென்று இருந்த ஒரே சொந்தம் அவர்தான் என்று நீங்கள் நினைத்திருந்ததுதான். மரியா பரீட்சைக்கு அவர்தான் கணக்குச் சொல்லிக் கொடுத்தார். அவர் வீட்டுக்கு வராததற்கு, அங்கிளுக்கு வேலை அதிகம் என்று சொல்லி வைத்தேன். நான் விட்ட அந்த இடைவெளியில் அவர் தன் கதையை வைத்துவிட்டார்.

ஜெரோம், போன வாரம் நீ சிரித்தபோது இதையெல்லாம் போனில் கொட்டியிருந்தால் நீ நம்பியிருக்க மாட்டாய். அதனால் ஒன்றே ஒன்று கேட்டேன். "ரெண்டு பேர் ரைபிளும் ஒரே அளவுதானே? அவர் பெட்டியை நீ வாங்கிக்க, உன் பெட்டியை அவருக்குக் குடு. ஒரே மருந்துன்னா யாருக்கும் நஷ்டமில்ல." நீ சலித்துக்கொண்டாய். "என்னப்பா இது, சின்னப் பிள்ளை விளையாட்டு." கேட்டுப் பார், அவ்வளவுதான் என்றேன். வைத்துவிட்டாய்.

அதற்குப் பிறகு இரண்டு நாள் கல்யாண வீட்டில் நான் என்ன செய்தேன் என்று எனக்கே தெரியாது. வாழைமரம் கட்டினேன், நாற்காலி எண்ணினேன், போனைப் பையிலிருந்து எடுத்து எடுத்துப் பார்த்தேன். வரவேற்பில் பாட்டுச் சத்தத்துக்கு நடுவே நீ கூப்பிட்டாய். பெட்ரோல் பங்க் ஒன்றிலிருந்து, பின்னால் லோரிச் சத்தம்.

"அப்பா, அங்கிள் மாத்திக்கல."

"என்ன சொன்னாரு?"

"மொதல்ல சிரிச்சாரு. உங்கப்பன் சொல்லிக் குடுத்தானான்னு கேட்டாரு. ஆமான்னேன். கொஞ்ச தூரம் ஓட்டினாரு. அப்புறம் வண்டியை நிறுத்தி, என் பெட்டியை எடுத்துத் தன் சீட்டுக்கு அடியில வச்சிக்கிட்டாரு. இந்த ஊர்க் கடையில ரெண்டு பெட்டி கம்பெனித் தோட்டா வாங்கிக் குடுத்தாரு. உனக்கு இது போதும்னாரு."

"வேற?"

"வேற ஒண்ணுமில்ல. ரேடியோ போட்டுட்டாரு."

நீ போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. மேடையில் யாரோ மைக்கைத் தட்டினார்கள். கடைசியில் நீ கேட்டாய்: "அப்பா, கண்ணு இப்ப எப்படி இருக்கு?" மூன்று வருஷத்தில் முதல் தடவை. நல்லா இருக்கு என்றேன். கம்பெனித் தோட்டாவானாலும் வண்டி வெயிலில் வைக்காதே, போல்ட் கனத்தால் அதோடு நிறுத்து என்றேன். "சரி லா பா," என்றாய். நீ இன்னும் அவரோடுதான் போய்க்கொண்டிருக்கிறாய். திரும்பி வா என்று நான் சொல்லவில்லை. அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த ரேடியோவைக் கேட்டுக்கொண்டு, அவ்வளவு தூரம் போய்த் திரும்பும் பயணத்தில் நீயே எதையாவது தெரிந்துகொள்வாய்.

கல்யாணம் முடிந்த மறுநாள் சாயங்காலம், யான் என்ற ஊர்ப் பக்கத்தில் நெல் வயல் வைத்திருக்கும், பாக் சிக் என்று நாங்கள் கூப்பிடும் மலாய்க்காரப் பெரியவர் அந்தோணிக்குப் போன் போட்டார். கதிர் முற்றும் நேரம், பன்றி இறங்குகிறது என்றார். அவருக்கு அந்தக் கறி ஆகாது, வயல் பிழைத்தால் போதும். அந்தோணியிடம் லைசென்ஸ் இருக்கிறது. நானும் போனேன். வரப்பு ஓரத்தில் வண்டியை நிறுத்தியதும் துப்பாக்கியை வாங்கிப் பிடிக்கக் கை தானாக நீண்டது. "அண்ணே, தொடாத," என்றான் அந்தோணி மெதுவாக. "உன் பேரு லைசென்ஸ்ல இல்ல. பாஸ்போர்ட்டும் வேற. போலீஸ் வந்தா நம்ம ரெண்டு பேரும் காலி." நாய்க் கயிற்றைக் கையில் கொடுத்தான். கைவிளக்கைத் தேடிப் பையில் கைவிட்டபோது சாவிக்கொத்து வந்தது. அதில் ஸ்டான்தோர்ப் வீட்டில் என் ரைபிள் இருக்கும் இரும்புப் பெட்டியின் சாவியும் இருந்தது. உரிமையாளன் தவிர வேறு யாரிடமும் சாவி இருக்கக் கூடாது என்பது அங்கே சட்டம், அதனால் அதுவும் என்னோடு கடல் தாண்டி வந்துவிட்டது. பாக் சிக் அதைப் பார்த்து, வீட்டுச் சாவியா என்று மலாயில் கேட்டார். ஆமாம் என்றேன். எந்த வீடு என்று அவர் கேட்கவில்லை. அங்கே பெட்டியைத் திறந்தால் என்னோடு வேட்டைக்கு வர இனி ஆள் இல்லை. இங்கே கூட வர ஆள் இருக்கிறது, திறக்கப் பெட்டி இல்லை. ஜெராய் மலை கறுத்துக்கொண்டு வந்தது. அந்தோணி துப்பாக்கியோடு வரப்பில் இறங்கி முன்னால் நடந்தான். நாய் இழுத்தது. நான் பின்னால் போனேன், நடக்க நடக்கச் சாவி தொடையில் இடித்துக்கொண்டே வந்தது.